சாவி கொடுக்கும் நாளின் குடமுழுக்கு

தூய்மை ஓர் அறம். அதை மறுத்துரைப்பார் எந்நாட்டிலும் இலர். ஆயினும் அறங்கள் தாமே நடமாடுவதில்லை; ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் தோளில் ஏறிக்கொண்டுதான் தெருவுக்கு வருகிறது. தூய்மை ஏறிவரும் தோள்களுள் மிக விந்தையான ஒன்றை இன்று உங்களுக்குக் காட்டுகிறேன். குடியிருக்கும் காலமெல்லாம் வாடகை வீட்டைத் தூசிக்குத் தாரைவார்த்துவிட்டு, காலி செய்யும் நாளில் மட்டும் இடுப்பில் துணியை இறுகக் கட்டிக்கொண்டு துலக்கப் புறப்படும் பிறவி அது. 'போகும்போது துலக்கி' என்று பெயரிட்டுக்கொள்வோம்.

அரபு நாட்டுத் தலைநகரான எங்கள் அம்மான் நகரத்து மேடுகளில் இவ்வினம் செழித்து வளர்கிறது. அடையாளம் காண்பது எளிது. இவர் வீட்டு அலமாரி சுவரோடு சுவராக ஒட்டி நிற்கும். துணி வைக்கவா? இல்லை, மாரிக்காலத்தில் சுவரில் படர்ந்த பூசணத்தை மறைக்க. பூசணம் இடப்பக்கம் பரவினால் அலமாரியும் இடப்பக்கம் நகரும். அடுக்களையில் ஆலிவ் எண்ணெய்த் தகரம் நின்ற இடத்தில் கரிய வட்டம் ஒன்று இருக்கும். அடுத்த அறுவடைக்கு வரும் புதுத் தகரம் அந்த வட்டத்தின்மேலேயே, ஓர் இம்மியும் பிசகாமல் அமரும். சன்னல் சட்டத்தில் படிந்த பாலைவனப் புழுதியில் விதை தூவினால் முளைக்கும். இவற்றையெல்லாம் இவர் காணாதவர் அல்லர். கண்டும் அருள்கூர்ந்து மன்னித்துவிட்டவர்.

அப்படிப்பட்டவருக்கு வேறு வீடு அமைந்ததும் ஞானம் பிறக்கிறது.

என் வீட்டுக்கு நேர் மேலே குடியிருந்த உம் ராக்கான், அதாவது ராக்கானின் அம்மா, இவ்வினத்தின் முடிமணி. அவருக்கு அந்த ஞானம் சற்று உக்கிரமாகவே பிறந்தது, காரணமும் இருந்தது. அவர் மகள் லுஜைனைப் பெண் கேட்பதற்கு ஒரு குடும்பம் விசாரித்துக்கொண்டிருந்தது. பையனின் தாய் வேறு யாருமில்லை, எங்கள் வீட்டுக்காரம்மா ஹாஜ்ஜா வஸ்ஃபிய்யாவின் தங்கை. சாவியை வாங்க ஹாஜ்ஜா நேரில் வருவார். வந்தால் கதவுச் சட்டத்தின் தலைமேல் விரலை ஓட்டிப் பார்ப்பார். அந்த விரல் என்ன நிறத்தில் கீழே இறங்குகிறதோ அதுவே மேடு முழுவதும் லுஜைனின் நிறமாகப் பேசப்படும்.

ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தொடங்கியது திருப்பணி. அடுப்புக்குப் பின்னாலிருந்த ஓடு ஒன்றைத்தான் உம் ராக்கான் முதலில் தேய்த்தார். அது வெளுத்தது. தீமை அங்கேதான் விளைந்தது. ஓர் ஓடு வெளுத்தால் பக்கத்து ஓடுகள் எல்லாம் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுகின்றன அல்லவா? அவற்றைத் தேய்த்ததும் சுவர் கறுத்துத் தெரிந்தது. சுவரைக் கழுவியதும் தரை மங்கிற்று. தரைக்கு வாளி வாளியாக நீரைக் கொட்டி, ரப்பர்ப் பட்டை பொருத்திய நீள்கம்பால் அறை அறையாகத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, தாம் ஒருநாளும் தம்முடையதென்று ஒப்புக்கொண்டிராத மாடிப்படி அழுக்காகத் தோன்றியது. படியையும் விடவில்லை. குளோரின் கலந்த அருவி ஒன்று என் வாசலைக் கடந்து தெருவுக்கு இறங்கிற்று. என் கால்மிதி அதில் தெப்பமாக மிதந்தது.

இவ்வினத்தில் ஆண்பாலும் உண்டு. ஆனால் அது கழுவாது, மறைக்கும். உம் ராக்கானின் கணவர் அபூ ராக்கான் சுவரில் தாம் அடித்த ஆணித்துளைகளைப் பற்பசையால் அடைத்துக்கொண்டிருந்தார். எந்தச் சுவரருகே நின்றாலும் புதினா மணம். வேலை முடிந்ததும் அவருக்கு நியாயம் பேசத் தோன்றியது. படிக்கட்டு வழியே எல்லாம் என் காதில் விழுந்தது.

"போதும், விடு. வர்றவங்க தொடச்சுக்குவாங்க."

"தொடைக்கிறவ என்ன சொல்லிக்கிட்டே தொடைப்பான்னு தெரியுமா உங்களுக்கு?"

"இத்தன வருசம் நாமதான இதுல இருந்தோம். நமக்காக ஒரு நாளாச்சும் இப்படிக் கழுவியிருக்கலாமே."

"நாம நம்மாளுங்கதான. நமக்கு எதுக்கு?"

இந்த மறுமொழியை நான் பலநாள் எண்ணிப் பார்த்திருக்கிறேன். இதில் ஒரு குறையும் காண என்னால் இயலவில்லை.

பிற்பகலில் ஹாஜ்ஜா வந்தார். படியேறி வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டே நுழைந்தவர், நேரே கதவுச் சட்டத்தின்மேல் விரலை ஓட்டினார். விரல் வெண்மையாக இறங்கியது. சன்னல் சட்டம்: வெண்மை. அடுப்புக்குப் பின்புறம், கழுவுதொட்டிக்கு அடிப்புறம்: அதே வெண்மை. சுவரருகே சற்று நின்று மூக்கைச் சுருக்கினார். உம் ராக்கானின் முகத்தில், தேர்வில் முதலிடம் பெற்ற பிள்ளையின் ஒளி. அந்த நேரம் பார்த்துப் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கு அழைப்பு எழுந்தது.

"நல்லதாப் போச்சு. கைகால் கழுவி ஒளு செஞ்சு இங்கயே தொழுதுட்டு, அப்புறமா உக்காருவோம்," என்று ஹாஜ்ஜா குழாயடிக்குப் போய்த் திறந்தார்.

குழாய் ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு இருமிற்று. பிறகு அமைதியாகிவிட்டது.

எங்கள் மேட்டுக்கு நீர் வாரத்தில் ஒருமுறை, வியாழனன்று வரும். மற்ற நாள்களுக்கு அவரவர் மொட்டைமாடித் தொட்டியே கதி. பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த செய்தி. உம் ராக்கானும் அறியாதவர் அல்லர். பாத்திரத்தை ஒரு குவளை நீரில் கழுவி, அந்த நீரையே புதினாச் செடிக்கு ஊற்றிய குலமகள் அவர். ஆனால் மற்றவர் கண்ணுக்காகத் துலக்குகிறவருக்குத் தொட்டியின் அடி தெரிவதில்லை. புதிதாய்க் குடிவருவோருக்கான நீரும் சேர்ந்தே தெருவோடு போயிருந்தது.

சற்று நேரத்தில் என் கதவு தட்டப்பட்டது. ஒரு கையில் வாளி, மறுகையில் காப்பிப் பாத்திரத்துடன் உம் ராக்கான் நின்றார். வீட்டைக் காலி செய்யும்போது காப்பிப் பாத்திரத்தைக் கடைசியாகத்தான் கட்டுவது எங்கள் வழக்கம். காப்பி ஊற்றாமல் சாவியைக் கையில் கொடுப்பது வசைச்சொல் கொடுப்பதற்கு நிகர்.

"அண்ணே, கொஞ்சம் தண்ணி. இது ஹாஜ்ஜா கைகால் கழுவ, இது காப்பிக்கு."

"உங்க தண்ணி இப்பத்தான் என் வாசல் வழியாப் போச்சும்மா. ஓடுனா தெருமுனையில பிடிச்சிரலாம்."

"சிரிக்காதீங்கண்ணே. எம் பொண்ணு வாழ்க்கையே மேல மாடியில உக்காந்திருக்கு."

சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டையும் நிரப்பி, வாளியை நானே மேலே தூக்கிச் சென்றேன். ஹாஜ்ஜா அமைதியாக ஒளு செய்தார், அமைதியாகத் தொழுதார், ஏலக்காய் மணக்கும் காப்பியை அமைதியாகவே உறிஞ்சினார். பின்பு சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"செவுத்துல மொகம் தெரியுது உம் ராக்கான். கழுவத்தான் தண்ணி இல்ல."

புகழா, பழியா? எவராலும் சொல்ல இயலவில்லை. கோப்பையைக் கவிழ்த்து வைத்து, சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு அவர் இறங்கிப் போனார். அவ்வளவு பெரிய வெண்மையின் நடுவே உம் ராக்கான் கறுத்துப்போய் நின்றார். நான்கு சுவரும் புதினா மணம் வீச, அபூ ராக்கான் மட்டும், "வியாழக்கெழம காலி பண்ணலாம்னு நான் அப்பவே சொன்னேன்," என்றார். அவர் அப்படி ஒருநாளும் சொல்லவில்லை.

அடுத்த இரண்டு நாளும் உம் ராக்கான் புதுவீட்டுப் பெட்டிகளைக்கூடப் பிரிக்கவில்லை, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளியன்று பெண் கேட்டு வந்துவிட்டார்கள். ஹாஜ்ஜா தம் தங்கையிடம் சொன்னதை, எங்கள் மேட்டில் யார் வேண்டுமானாலும் உங்களுக்கு ஒப்பிப்பார்கள்:

"சுத்தத்துல ஒரு கொறையும் சொல்ல முடியாது, எடுத்துக்க. ஆனா மருமக வர்றதுக்கு முன்னாடி மாடியில இன்னொரு தொட்டி ஏத்திரு."

ஏற்றினார்கள். திருமண ஊர்வலத்துக்கு முன்பே மாப்பிள்ளை வீட்டுத் தெருவில் போன ஊர்வலம் அதுதான்: நால்வர் தோளில், வெள்ளைத் துணி சுற்றிய மணமகள்போல, ஒரு தொட்டி.

அண்மையில் உம் ராக்கானின் புதுவீட்டுக்குப் போயிருந்தேன். எண்ணெய்த் தகரம் தனக்கென ஒரு வட்டத்தைத் தொடங்கியிருந்தது. அலமாரி சுவரோடு ஒட்டி நின்றது, கொஞ்சம் இடப்பக்கமாக.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. எழுந்து போய் உங்கள் குளிர்பெட்டியின் தலைமேல் விரலை ஓட்டிவிட்டு வந்து மீதியைச் சிரியுங்கள். போக மனமில்லையா? "இன்னைக்கு யாரு வரப்போறா?" என்று உள்ளே ஒரு குரல் கேட்கிறதா? அப்படியானால் உங்களை வணங்கி, உங்கள் குடிக்கு வாழ்த்துரைத்து விடைபெறுகிறேன்: உங்கள் இல்லம் தழைப்பதாக; உங்கள் மக்கள் நல்வாசல் புகுவாராக; கதவின் தலைமேல் விரல் வைப்போர் சொல்லிவிட்டே வருவாராக; வியாழன் புலருமட்டும் உங்கள் மாடித் தொட்டி வற்றாதிருப்பதாக.