ஏழுமலை மாமாவின் கையும் என் அதிரும் ரிமோட்டும்

நான் எதையாவது அரைகுறையாகச் செய்தால் அது எப்படியோ பிழைத்துக்கொள்ளும். சோறு தண்ணீர் மறந்து, முழு மனதோடு செய்தால்தான் ஆபத்து. இதைக் கண்டுபிடித்தது நான் அல்ல, என் அக்கா செல்வி. வீட்டுக்கு வரும் ஒவ்வொரு விருந்தாளியிடமும் சொல்கிறாள். சொல்லிவிட்டு அலமாரியின் மேல்தட்டைக் கையால் காட்டுவாள். அங்கே கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி, எலியை விழுங்கிய பாம்பு மாதிரி நடுவில் புடைத்துக்கொண்டு ஒரு பொருள் உட்கார்ந்திருக்கும். அது ஒரு வீடியோ கேம் கன்ட்ரோலர். அதைச் செய்த புண்ணியவான் நான்.

அப்போது டிப்ளமா முடித்துவிட்டு, காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன ஷெட்டில் டிரெய்னியாக இருந்தேன். இரண்டு வருடமாக டிரெய்னி. (எதற்கு டிரெய்னிங் என்று எனக்கும் தெரியாது, கொடுத்தவர்களுக்கும் தெரியாது.) முதலாளி காதர் பாய், பழவேற்காட்டுக்காரர். குடும்பமே இறால் வியாபாரம் செய்ய, இவர் மட்டும் பிளாஸ்டிக்குக்கு வந்துவிட்டார். மால்களில் இருக்கும் விளையாட்டு இயந்திரங்களுக்கு ஸ்டீயரிங், பட்டன், கன்ட்ரோலர் எல்லாம் செய்து கொடுப்போம். என் வேலை பட்டன்களை எண்ணிப் பையில் போடுவது.

ஒரு நாள் வாடிக்கைக் கம்பெனி ஒன்று புதுவிதமான கன்ட்ரோலர் கேட்டது. திரையில் கார் ஜல்லியில் ஏறினால் பிடித்திருப்பவன் உள்ளங்கைக்கு ஜல்லி தெரிய வேண்டும், மணலில் போனால் மணல் தெரிய வேண்டுமாம். வழக்கமான கன்ட்ரோலரிலும் ஒரு குட்டி மோட்டார் இருக்கும். ஆனால் அதற்கு ஒரே பாஷைதான். இடித்தாலும் டுர்ர், சுட்டாலும் டுர்ர், ஜெயித்தாலும் டுர்ர்.

“இது இன்னாத்துக்கு தம்பி? அவனவன் கண்ணால பாத்து ஆட்றான். கையில தெரிஞ்சா இன்னா, தெரியாங்காட்டி இன்னா?” என்றார் பாய்.

“கண்ணும் காதும் மட்டும் விளையாடினா போதுமா பாய்? கை இன்னா பாவம் பண்ணுச்சு?” என்றேன். (முதல் நாளே கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்த வசனம்.)

பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அப்போ நீயே செய். திங்கக்கெயம அந்தக் கம்பெனி மேடம் வராங்கோ. சாம்பிள் பாஸாச்சுன்னா உன்ன பர்மனென்ட் பண்றேன். ஆவலைன்னா வாயத் தொறக்காம பட்டன் எண்ணணும், சரியா?”

அந்த ஷெட்டில் ஒரு சட்டம் உண்டு. பொருளைச் செய்தவன் அதைச் சோதிக்கக் கூடாது. ஷெட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் கையில் கொடுத்து, ஒரு வார்த்தையும் முன்னால் சொல்லாமல், அவர் சொல்வதை அப்படியே தாளில் எழுத வேண்டும். “செஞ்சவன் கை அவனுக்கே பொய் சொல்லும்” என்பார் பாய். வழக்கமாக டீக்கடை மாஸ்டரோ கூரியர்காரரோ மாட்டுவார்கள். நல்ல சட்டம்தான். சட்டத்தின் மேல் எனக்கு இன்றுவரை எந்த வருத்தமும் இல்லை.

வேலையில் இறங்கினேன். நிஜச் சாலையின் அதிர்வு வேண்டுமே என்று மணவாள நகரிலிருந்து காக்களூர் வரை ஷேர் ஆட்டோவில் குனிந்தபடி, போனைத் தரையில் அழுத்திப் பிடித்து அதிர்வைப் பதிவு செய்தேன். “இன்னா தம்பி, வாந்தி வருதா? ஓரமா குந்து” என்றார் பக்கத்தில் இருந்த ஒரு பெண். அவமானத்தைப் பொறுத்துக்கொண்டேன். ஜல்லி, மணல், தார்ச்சாலை என்று மூன்றும் அருமையாக வந்தன. மணல் உள்ளங்கையில் மெல்ல நழுவியது. இதை இன்றைக்கும் அடித்துச் சொல்வேன், யாரும் நம்புவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டியிலிருந்து அக்காவும் அவள் புருஷன் ஏழுமலை மாமாவும் வந்தார்கள். மாமா அங்கே ஒரு வார்ப்படக் கம்பெனியில் பதினான்கு வருடமாக கிரைண்டர் பிடிக்கிறவர். அச்சிலிருந்து வரும் இரும்புத் துண்டுகளில் ஒட்டியிருக்கும் பிசிறைத் தேய்த்து எடுக்கும் வேலை. அவர் கை எங்கள் குடும்பத்தின் பெருமை. அடுப்பில் கொதிக்கும் குண்டானை இடுக்கி, துணி எதுவும் இல்லாமல் அப்படியே இறக்கி வைப்பார். அன்றும் பிரியாணி குண்டானை வெறுங்கையால் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் வைத்தார். “எங்க மாப்பிள்ள கை இரும்பு” என்று அம்மா வழக்கம்போல் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னாள். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். அப்போதாவது மண்டையில் மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை.

சாப்பாட்டுக்கு முன் கன்ட்ரோலரை மாமா கையில் கொடுத்து, டிவியில் காரை ஜல்லியில் ஏற்றினேன்.

“மாமா, கையில எதுனா தெர்தா?”

“இன்னா தெரியணும் மச்சான்?”

“அத சொல்லக் கூடாது மாமா. உங்களுக்கா தெரியணும்.”

“எனுக்கு பசி தெர்து.”

அதிர்வைக் கூட்டினேன். “இப்போ?” “ஒண்ணியும் காணோமே. கரன்ட் வருதா பாரு.” முழு அளவுக்கு ஏற்றினேன். மாமா ரிமோட்டைக் காதில் வைத்துப் பார்த்தார். “சத்தம் வருது. கையில ஒண்ணியும் இல்ல” என்றார். எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது. பிரித்து, பெரிய மோட்டார் போட்டேன். “ஊஹும்.” அதைவிடப் பெரியது போட்டேன். “இல்ல மச்சான்.” அதற்கு மேல் பெரிய மோட்டார் என்னிடம் இல்லை. அம்மாவிடம்தான் இருந்தது.

“டேய், அது என் முட்டிவலி மிஷினு!” என்று அம்மா கத்துவதற்குள் திருகாணிகளைக் கழற்றிவிட்டேன். பொருட்காட்சியில் வாங்கிய மசாஜ் மிஷின். அதன் மோட்டாரைக் கன்ட்ரோலருக்குள் திணித்ததும் மூடி மூடவில்லை. டேப் சுற்றி ஆளை அடக்கினேன்.

இந்த இடத்தில் எல்லோரும் ஒரு கேள்வி கேட்கிறார்கள். உன் கைக்கு எப்படி இருந்தது? எனக்குப் பல் ஆடியது. பேசினால் என் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வந்தது. மேசையில் வைத்தால் அது தானாக நடந்து போய் ஊறுகாய் ஜாடியை முட்டியது. இத்தனையும் பார்த்துக்கொண்டே, ‘செஞ்சவன் கை பொய் சொல்லும்’ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாமாவும் சும்மா இல்லை. “உன் கை இன்னா கை? பேப்பர் பொரட்ற கை. காத்தடிச்சாலே வலிக்கும்” என்றார்.

கடைசியில், பிரியாணி ஆறி அவலாகிப் போன நேரத்தில், மாமா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: “ஆங்… இப்போ லேசா, எறும்பு ஊர்ற மாரி கீது.”

நான் துள்ளினேன். தாளில் ‘மென்மையான அதிர்வு, எறும்பு ஊர்வது போல்’ என்று எழுதிக் கோடிட்டேன்.

“எதுக்கும் வேற யார் கையிலனா ஒருவாட்டி குட்துப் பாருடா” என்றாள் அக்கா.

“உனக்கு இன்னா தெரியும் டெக்னாலஜி பத்தி?” என்றேன். (இந்த வரியை அவள் என் கல்யாணத்தில் மைக்கில் சொன்னாள்.)

திங்கட்கிழமை மேடம் வந்தார். கண்ணாடி மேசை, நான்கு டம்ளர் டீ, மேடத்தின் லேப்டாப். பாய் புதுச் சட்டை போட்டிருந்தார். கன்ட்ரோலரின் உருவத்தைப் பார்த்து மேடம் கொஞ்சம் தயங்க, “சாம்பிள்தானே மேடம், அழகு அப்புறம். ரொம்ப மென்மையா இருக்கும்” என்று தாளை நீட்டினேன்.

கார் தார்ச்சாலையில் போனவரை எல்லாம் சுகம். பிறகு ஜல்லியில் ஏறியது. மேடத்தின் வளையல்கள் ஒட்டுமொத்தமாக அலறின. மூக்குக் கண்ணாடி நுனிக்கு இறங்கி, அங்கிருந்து மேசைக்கு இறங்கியது. “அ-அ-அய்-யோ” என்று துண்டு துண்டாக ஒரு குரல் வந்தது. கையை உதறியதில் கன்ட்ரோலர் மேசையில் விழுந்து, நடக்க ஆரம்பித்தது. வரிசையில் நின்ற டம்ளர்களை ஒவ்வொன்றாகச் சந்தித்தது. இரண்டு டீ லேப்டாப்புக்குள் போயின. ஒன்று பாயின் புதுச் சட்டைக்கு. நான் பாய்ந்து பிடித்ததில் டேப் பிய்ந்து, மூடி தெறித்து, அம்மாவின் முட்டிவலி மோட்டார் ‘மொபெட்’ மாதிரி தனியாக ஓடியது.

எல்லாம் அடங்கிய பிறகு மேடம் திட்டவில்லை. விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தார். “கை மரத்துப் போச்சு. ஒரு நிமிஷம்கூடப் பிடிக்கலை, விரல் இருக்கிறதே தெரியலை. இதைப் போய் எட்டு மணி நேரம் யாருப்பா பிடிப்பாங்க?”

பாய் சட்டையைத் துடைத்தபடி என் பக்கம் திரும்பினார். “யார் கையிலடா குட்து பாத்த?”

“எங்க மாமா கையில பாய்.”

“மாமா இன்னா வேல?”

“கும்மிடிப்பூண்டில கிரைண்டிங்.”

சொல்லி முடிக்கும்போதே எனக்கு உறைத்தது. எட்டு மணி நேரம் யார் பிடிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதிரும் கிரைண்டரைப் பதினான்கு வருடமாக என் மாமா பிடிக்கிறார். அந்தக் குண்டானைப் பார்த்து நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தோம். வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. பாயும் கத்த வாயெடுத்தவர் கத்தவில்லை. “பேஜாரு புட்ச்சவனே, முதல்ல ஊட்டுக்குப் போன் போடு” என்றார்.

அக்காவிடம் போனில் நடந்ததைச் சொன்னேன். “ஒரு வருஷமா அவரு சட்ட பட்டன் நான்தாண்டா போட்டு உட்றேன். யார்கிட்டயும் சொல்லாத, கை போச்சுன்னு தெரிஞ்சா வேலைய உட்டு தூக்கிடுவாங்கன்னு சொல்லிக்கினே இருந்தாரு” என்றாள்.

மாமாவைப் பரிசோதித்த டாக்டர், அதிர்வில் நரம்பு மழுங்கிவிட்டது, கிரைண்டரை உடனே விட்டால் கொஞ்சமாவது திரும்பும் என்றார். மாமாவின் சூப்பர்வைசரோ, “நல்லாத்தானே வேல செய்றாரு? கையில காயம்கூட இல்லியே” என்று டாக்டர் சீட்டைத் தள்ளி வைத்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மறுநாள் மறுபடி டேப் சுற்றிய கன்ட்ரோலரோடு கும்மிடிப்பூண்டி போய் நின்றேன்.

“சார், இத ஒரு நிமிஷம் புடிங்க.”

பிடித்தார். முடுக்கினேன். மூன்றாவது நொடியில் கன்ட்ரோலர் ஜன்னல் வழியாகப் போய்விட்டது. சூப்பர்வைசர் கையை அக்குளில் வைத்துக்கொண்டு என்னை அடிக்க வந்தார்.

“இத எங்க மாமா எறும்பு ஊர்ற மாரி கீதுன்னாரு சார்” என்றேன்.

அவர் மாமாவைப் பார்த்தார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அந்த வாரமே மாமாவை லோடு சரிபார்க்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். என் வாழ்நாளில் நான் செய்த ஒரு சாம்பிள் பாஸானது அங்கேதான். காக்களூரில் நான் இன்னும் ஒன்றரை வருடம் பட்டன் எண்ணினேன். அந்த ஆர்டர் வேறு யாருக்கோ போனது. ஷெட் சுவரில் மட்டும் பாய் புதிதாக ஒரு அட்டை மாட்டினார்: ‘சோதிப்பவர் கையை முதலில் சோதிக்கவும்.’

இப்போது கடைகளில் ஜல்லியும் மணலும் கைக்குத் தெரிகிற கன்ட்ரோலர்கள் வந்துவிட்டன. பிடித்துப் பார்த்தேன், விளையாட்டே வேறு மாதிரி இருக்கிறது. என் மணல் இதைவிட நன்றாக இருந்தது என்று வீட்டில் சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அவர்கள் சொல்கிற கதை வேறு. மாமா கிரைண்டரை விட்டு எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழக்கதோஷத்தில் வெறுங்கையால் சாம்பார் குண்டானைத் தூக்கினார். இரண்டு அடி வந்தார். “ஐயய்யோ, சுடுதுடி!” என்று அலறிக் குண்டானைப் போட்டார். கூடம் முழுக்கச் சாம்பார். விரல் நுனிகளை ஊதியபடி மாமா திருதிருவென்று நின்றார். யாரும் அசையவில்லை. அக்கா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நான் மெதுவாகக் கேட்டேன். “தெர்தா மாமா?”

“தெர்துடா டேய்!” என்று கத்தினார் மாமா, சிரித்துக்கொண்டே.

அன்று எல்லோரும் மோர் ஊற்றிச் சாப்பிட்டோம். அம்மாவின் முட்டிவலி மிஷினை நான் இன்னும் திருப்பித் தரவில்லை.