முகப்பில் எடுத்த முறுக்கு வீடியோ

பலகாரம் விற்காமல் போவதற்குக் காரணம் மாவோ எண்ணெயோ அல்ல, வீடியோ இல்லாமையே என்ற மாபெரும் உண்மையைக் காரைக்குடி வட்டாரத்தில் முதலில் கண்டறிந்தவன் நான். அதற்கு முன்பு கல்யாண வீடுகளில் கேமரா பிடித்துக்கொண்டிருந்தேன். இப்போது என் விசிட்டிங் கார்டில் 'சிறு நிறுவனக் காணொளி வளர்ச்சி ஆலோசகர்' என்று இருக்கிறது. அச்சடித்து வந்த பிறகு நானே அதை நம்பத் தொடங்கிவிட்டேன்.

என் முதல் 'நிறுவனம்' பள்ளத்தூரில், ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் இயங்கியது. நிர்வாக இயக்குநர் கல்யாணசுந்தரி. முறுக்குப் பிழிவதும் அவர்தான். பாக்கெட் போடுவது பெல்சி. மொபெட்டில் கடை கடையாகக் கொண்டுபோவது வேல்பாண்டி. வீடு அவர்களுடையது அல்ல. அதற்குப் பங்காளிகள் ஏராளம். பாதிப்பேர் மலேசியா, மீதிப்பேர் சென்னை. வெள்ளையடிப்பது பற்றிக்கூட அவர்கள் ஒத்துப்போனதில்லை என்பதால் முன்பக்கம் பூட்டியே கிடந்தது. சாவி வைத்திருந்த முத்துக்கருப்பன், சும்மாதானே கிடக்கிறது என்று பங்காளிகளிடம் சொல்லாமலே பின்கட்டை வாடகைக்கு விட்டிருந்தார். அங்கே எரிந்த அடுப்புதான் மூன்று குடும்பங்களுக்குச் சோறு போட்டது.

உயர்மட்ட ஆலோசனைக் கூட்டம் எண்ணெய்ச் சட்டிக்கு அருகில் நடைபெற்றது.

"சார், கையில காசு கெடையாது. பெரிய கேமரா, லைட்டுன்னு கேப்பீகளே?" என்றார் கல்யாணசுந்தரி.

"பட்ஜெட் இல்லாததுதாம்மா உங்க பலம். உணர்ச்சி இருந்தாப் போதும். அதுக்குச் செலவே இல்ல" என்றேன்.

இதற்கு என்ன பொருள் என்று யாரும் கேட்கவில்லை. நல்ல ஆலோசனையை யாரும் கேள்வி கேட்பதில்லை.

"அப்ப இந்த அடுப்ப நல்லாக் காட்டுங்க சார். நாங்க எம்புட்டுச் சுத்தமாச் செய்றோம்னு சனங்க பாக்கட்டும்."

"அடுப்பா? கரியும் புகையும் 'பிராண்டு'க்கு ஆகாதும்மா. முகப்பத் தொறக்கச் சொல்லுங்க."

ஒரு பாக்கெட் முறுக்குக்கு முத்துக்கருப்பன் முகப்பைத் திறந்தார். டிரோன் வாடகைக்கு எடுக்க வழியில்லாததால் மாங்காய் பறிக்கும் துறட்டியில் போனைக் கட்டி வேல்பாண்டியை மாடியில் ஏற்றினேன். வெளிச்சத்துக்கு எவர்சில்வர் தாம்பாளத்தை வெயிலில் சாய்த்துப் பிடித்தார் பெல்சி. இரவல் பட்டுப்புடவையில் கல்யாணசுந்தரி தூண் தூணாக நடந்தார். கையில் தட்டு, தட்டில் முறுக்கு.

எடுத்து முடித்ததைப் போனில் எட்டிப் பார்த்த பெல்சி கேட்டார்: "தூணு தெரியுது, தளத்துப் பூவெல்லாம் தெரியுது. முறுக்கக் காணோமே சார்?"

"முறுக்கு தெரியக் கூடாதும்மா. ஒணரணும்."

வீடியோ வெளியானது. அந்த வீட்டுத் தூண்களின் எண்ணிக்கைக்குக்கூட ஆட்கள் பார்க்கவில்லை. ஆனால் முத்துக்கருப்பன் பெருமை தாங்காமல் அதைப் பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அங்கேதான் என் கலை வென்றது. "நம்ம வீடா இது!" என்று பினாங்கிலிருந்து ஒருவர் உருகினார். கோர்ட்டு வரை போயிருந்த இருவர் ஒருவருக்கொருவர் கும்பிடு போட்டுக்கொண்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்த அன்பு ஆறுவதற்குள் வீடு முழுவதையும் ஒரு ஓட்டல் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. வீடியோ பொருளை விற்றுவிட்டது. எந்தப் பொருளை என்பது சில்லறை விவரம்.

முத்துக்கருப்பன் தயங்கித் தயங்கி வந்து சொன்னார்: "பின்கட்டுல ஏதோ எண்ணெய்ப் பிசுக்கு கெடக்காமே, சுத்தம் பண்ணிட்டுச் சாவியக் குடுன்னு சொல்லிட்டாக."

பிசுக்கு என்பது கல்யாணசுந்தரி.

அவர் குடிபோன வீட்டில் பெரிய அடுப்பு வைக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. வேறு இடமும் அமையவில்லை. பெல்சி காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனார். வேல்பாண்டி மொபெட்டை விற்றார். நான் மட்டும் வளர்ந்தேன்: ஓட்டல் என்னையே ஆலோசகராக நியமித்தது. வரவேற்பறையில் ஓடுவதும் அதே வீடியோதான். புதிதாக எடுத்தால் செலவு.

சிக்கல் விருந்தாளிகளால் வந்தது. "இந்த அம்மா எங்கே? இவங்க முறுக்கு கிடைக்குமா?" என்று எல்லோரும் கேட்டார்கள். மேனேஜர் என்னைக் கேட்டார். நான் கல்யாணசுந்தரிக்குப் போன் செய்தேன்.

"தெனம் சாயங்காலம் முகப்புல ஒக்காந்து முறுக்குப் பிழிஞ்சாப் போதும்மா. அடுப்பெல்லாம் வேணாம். சும்மா பாக்கத்தான்."



"அன்னைக்கே அடுப்பக் காட்டுங்கன்னு கெஞ்சுனேன். நீங்க காட்டல. காட்டியிருந்தா, அங்குட்டு ஒருத்தி பொழைக்கிறான்னு அந்தப் பங்காளிகள்ல ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கும்ல? என்னையவும் என் அடுப்பையும் மறைச்சுப்புட்டு, இப்ப என்னைய மட்டும் வந்து ஒக்காருங்கிறீகளே, உங்களுக்கு நாக்கூசல?" என்று அழுதுகொண்டே கேட்டார்.

அதை அப்படியே போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். உணர்ச்சி பிரமாதமாக வந்திருக்கிறது. செலவே இல்லை.