உள்ளே நடந்து போகிற பீரோ

"ஜெபம் பண்ண ஒரு எடம் வேணும்க்கா."

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொல்ல வந்தது அது இல்லை என்று ஜோசப் ராஜுக்கே உறைத்தது.

அவன் கேட்க வந்தது நடு அறையை. அதில் துணி வைக்க. அவன் வீட்டுக்கும் அக்கா ராஜமேரியின் வீட்டுக்கும் இடையில் அப்பா விட்டுப்போன ஓர் அறை இருந்தது. பாகம் பிரித்தபோது அது இன்னாருக்கு என்று யாரும் சொல்லாததால், அக்கா தன் தோட்டத்துத் தக்காளிப் பெட்டிகளை அதில் கூரை வரைக்கும் அடுக்கி, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அதைக் கேட்டு வாங்கி வரும்படி மனைவி சுபா அவனை ஒரு மாதமாக அரித்துக்கொண்டிருந்தாள்.

சுபாவையும் குறை சொல்ல முடியாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் துணிகளுக்கு நிலையான விலாசம் கிடையாது. வீட்டில் இருப்பது ஒரு பீரோ. அதில் பாதி அவன் சட்டைகள், மீதியில் பத்திரங்களும் கம்பளிகளும். அவளுடைய சேலைகள் கட்டிலுக்கு அடியில் சூட்கேஸில் படுத்திருந்தன. ரவிக்கைகள் பிளாஸ்டிக் டிரம்மில். ஒரு பாவாடை எடுக்கக் கட்டிலை நகர்த்த வேண்டும்; கட்டிலை நகர்த்த அவனை எழுப்ப வேண்டும். போன மாதம் ஒரு ஞானஸ்நான வீட்டுக்குப் பச்சைச் சேலையும் நீல ரவிக்கையுமாகப் போய்வந்தாள். பச்சை ரவிக்கை பிறகு பரண் மேல் குக்கர் வந்த அட்டைப் பெட்டியில் அகப்பட்டது.

அன்றிலிருந்து அவள் போனில் வேறு வீடியோவே பார்ப்பதில்லை. யார் யாரோ தங்கள் வீட்டில் துணி அலமாரியின் கதவைத் திறந்து, உள்ளே நடந்து போய், ஒரு சுற்றுச் சுற்றி, வேறு உடுப்போடு வெளியே வந்தார்கள். சுபா ஹால் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, அதற்குள் நடந்து காட்டினாள். ஒரு பக்கம் பூராவும் ராடு. அதில் ஒன்றை ஒன்று தொடாமல் சேலைகள். எதிர்ப்பக்கம் ஆழமான தட்டுகள். நடுவில் தலை முதல் கால் வரை தெரிகிற கண்ணாடி. கதவைத் திறந்ததும் தானாக எரிகிற விளக்கு.

"இங்க பட்டு, இங்க காட்டன். இந்த மூலையில நீங்க."

"நானா?"

"உங்க சர்ட்டுங்க."

அவனுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது ஒரு முழம். ஆனாலும் அந்தக் கட்டத்துக்குள் அவள் நடந்த நடையைப் பார்த்தபோது, இவளுக்கு இதைச் செய்து கொடுத்துவிட வேண்டும் என்று அவனுக்கும் தோன்றிவிட்டது.

அக்காவிடம் உண்மையைச் சொல்ல முடியாததற்குக் காரணம் இருந்தது. தெருவில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் சாயங்காலங்களில் கூடி ஜெபிக்கிற அன்பியத்துக்கு அக்காதான் தலைவி. எந்த வீட்டில் பேசினாலும், துணி மேல் ஆசை வைத்தவள் மனசு ஜெபத்தில் நிற்காது என்று சொல்லாமல் எழுந்திருக்க மாட்டாள். கோயிலுக்குக்கூடச் சாயம் போன நூல் சேலையில்தான் வருவாள். அப்படிப்பட்டவள் எதிரில் நின்று, கழுத்தில் தொங்கிய ஜெபமாலையைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தால், வேறு எந்த வார்த்தை வரும்?

அக்காவின் கண் கலங்கிவிட்டது. சாவியை எடுத்து அவன் கையில் வைத்து மூடினாள். மறுநாள் காலை ஷிப்டுக்கு அவன் சர்க்கரை ஆலைக்குக் கிளம்பும்போது தக்காளிப் பெட்டிகளெல்லாம் வாசலில் கிடந்தன. அக்கா நடு அறையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பொய்தான் சொல்றீங்க, அதுல சாமிய எதுக்கு இழுத்தீங்க?" என்று சுபா கேட்டாள். ஆனால் காலியான அறையை ஒருமுறை எட்டிப் பார்த்ததும் அவள் குரல் இறங்கிவிட்டது. "ஒரு மூலையில மாதா சுரூபம் வச்சிட்டா அது ஜெப ரூம்தானே. மத்த மூலையெல்லாம் என்னுது."

பாப்பாரப்பட்டியிலிருந்து ஆசாரி தமிழ்மணி வந்தான். சுபா ராடு, தட்டு, கண்ணாடி எல்லாவற்றையும் விளக்கினாள். வெளியே கேட்டால் இதை ஜெப அறை என்றுதான் சொல்ல வேண்டும் என்று ஜோசப் ராஜ் தயங்கித் தயங்கிச் சொன்னான். தமிழ்மணி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "சரிங்க" என்று டேப்பை நீட்டினான். இப்படி ஓர் அடக்கமான வேலைக்காரன் கிடைத்தது தன் அதிர்ஷ்டம் என்று ஜோசப் ராஜ் நினைத்துக்கொண்டான்.

வேலை முடிந்ததும் அக்கா பார்க்க வந்தாள். மாதாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"தட்டு இவ்ளோ ஆழமா இருக்குதே, எதுக்குடா?"

புத்தகம் வைக்க என்றான் ஜோசப் ராஜ். வேதாகமம், பாட்டுப் புத்தகம், அந்த மாதிரி.

கண்ணாடி எதற்கு என்று கேட்டாள். சுபா அவனைப் பார்த்தாள். அவன் மாதாவைப் பார்த்தான். மனுசன் ஜெபத்துக்கு முன்னால் தன் முகத்தைத் தானே பார்த்து, செய்த பாவத்தையெல்லாம் நினைத்துப் பார்க்க வேண்டும், அதற்குத்தான் என்றான். அக்கா கண்ணாடி முன்னால் போய் நின்றாள். முன்னால் பார்த்தாள், திரும்பிப் பின்பக்கமும் பார்த்தாள். நல்ல யோசனை என்றாள்.

"அந்தக் கம்பி?"

"திரை போடக்கா."

அக்கா கேட்ட சொல்லை வீணாக்குகிறவள் இல்லை. அந்த வாரமே ஊதா நிறத்தில் கனத்த திரை ஒன்று தைத்துக் கொண்டுவந்து ராடில் மாட்டினாள். ஜெப அறைக்குப் புத்தகம் தேவை என்று அன்பியத்திலும் அறிவித்துவிட்டாள். வீட்டுக்கு வீடு மூட்டை வந்தது. அட்டை கிழிந்த பாட்டுப் புத்தகங்கள், எப்போதோ வந்த பங்குப் பத்திரிகைகள், யாரோ ஒருவருடைய பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம்கூட வந்தது. கொண்டுவந்தவர்கள் தாங்களே அடுக்கிவிட்டும் போனார்கள். சுபாவின் ஆழமான தட்டுகள் ஒன்றுவிடாமல் நிரம்பின.

துணிக்கு மிஞ்சியது திரை தொங்கிய அந்த ராடு ஒன்றுதான். சுபா சளைக்கவில்லை. சூட்கேஸில் இருந்தது, டிரம்மில் இருந்தது, கல்யாணத்துக்குக் கட்டிய அரக்குப் பட்டு, அம்மா வீட்டுச் சீர் என்று எல்லாவற்றையும் அந்த ஒரே ராடில் திரைக்குப் பின்பக்கமாக மாட்டித் திரையை இழுத்து மூடினாள். ஒரு பழைய சேலையும் ஒரு நைட்டியும் மட்டும் கொல்லையில் கொடியில் காய்ந்தன. ஆட்கள் இல்லாத நேரம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய், திரையை விலக்கி, சேலைகளை ஒரு கையால் தடவிக்கொண்டே நடப்பாள். நாலு எட்டுதான் நடக்க முடியும். அது அவளுக்குப் போதுமாக இருந்தது.

அக்டோபர் பிறந்தது. ஜெபமாலை மாதம். வழக்கமாக ஒவ்வொரு சாயங்காலமும் ஒவ்வொரு வீட்டில் ஜெபமாலை நடக்கும். இந்த வருசம் வீடு வீடாக அலைய வேண்டாம், தம்பி வீட்டு ஜெப அறையிலேயே மாதம் முழுக்க வைத்துக்கொள்வோம் என்று அக்கா முடிவு செய்துவிட்டாள். உங்கள் வீட்டிலும்தான் ஜெப அறை இருக்கிறதே என்று சுபா மெல்லக் கேட்டுப் பார்த்தாள்.

"அதுல நான் ஒருத்தி நிக்கவே எடமில்லம்மா" என்றாள் அக்கா.

அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். அக்கா அந்த அறைக்குள் யாரையும் விட்டதில்லை. அவள் தனியாக ஜெபிக்கிற இடம் என்று தெருவே அதன் கதவைப் பார்த்தால் குரலைத் தாழ்த்தும்.

முதல் நாள் சாயங்காலமே தெருப் பெண்கள் அத்தனை பேரும் நடு அறைக்குள் புகுந்துவிட்டார்கள். இடம் இல்லாமல் ஜோசப் ராஜ் வாசற்படியில் மெழுகுவர்த்தியோடு நின்றான். சுபா திரைக்கு முதுகைக் கொடுத்துக் காவல் நின்றாள். சாம்பிராணிப் புகை, மெழுகுவர்த்திச் சூடு, ஆளுக்கு ஆள் விடுகிற மூச்சு. சுபாவின் மனசு முழுக்கப் பட்டுகளில் ஏறப்போகும் புகை வாசத்தில்தான் இருந்தது.

ஜெபமாலையின் மூன்றாவது பத்து மணிகளை உருட்டிக்கொண்டிருக்கும்போது, பாட்டை எடுத்துக் கொடுக்கிற ஜோஸ்பினுக்குத் தலை சுற்றியது. ஜோஸ்பின் நல்ல கனத்த சரீரம். விழுந்துவிடாமல் இருக்க, கைக்கு எட்டிய திரையை எட்டிப் பிடித்தாள்.

ராடு என்னதான் செய்யும்? திரையைத் தாங்கியது, சேலைகளைத் தாங்கியது. ஜோஸ்பினையும் தாங்கு என்றால் முடியுமா? மடாரென்று ஒரு சத்தம். நீலமும் மஞ்சளும் அரக்குமாகச் சேலைகள் ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் தலைமேல் சரிந்தன. ஜெபம் நின்றது. துணிக் குவியலுக்கு நடுவிலிருந்து, தலையில் ரோஸ் நிறச் சேலையோடு ஜோஸ்பின் மெல்ல எழுந்தாள்.

எல்லோரும் ஜோசப் ராஜைத் திரும்பிப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. அவன் வாயைத் திறந்தான்.

"ஏழைங்களுக்குக் குடுக்கச் சேத்து வச்சதுங்க. வெளிய தெரிய வேணாம்னு திரைக்குப் பின்னால வச்சிருந்தோம்."

அறை அப்படியே உருகிவிட்டது. ஜோஸ்பின் அழுதாள். ஒருத்தி சுபாவைக் கட்டிக்கொண்டாள். கிறிஸ்துமஸுக்கு ஏழைகளுக்குத் துணி சேர்த்துக் கோயிலில் ஒப்படைக்கிற பொறுப்பும் வருசா வருசம் அக்காவுடையதுதான். அவள் அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு சேலையாக உதறி, மடித்து, போர்வையில் மூட்டை கட்டத் தொடங்கினாள்.

அரக்குப் பட்டு வந்தபோது சுபாவின் கை அதோடு பாதி தூரம் போனது. அக்கா அந்தக் கையை மென்மையாக விலக்கினாள்.

"குடுக்கறதுன்னு ஆயிட்டா நல்லதாக் குடுக்கணும்மா."

மூட்டைகள் அக்கா வீட்டுக்குப் போயின. நடு அறையில் புத்தகங்கள் மிஞ்சின.

மறுநாள் காலை சுபா, கொடியில் கிடந்த பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு, அவன் முன்னால் காப்பியை வைத்தாள். கண் வீங்கியிருந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் திட்டவில்லை.

"ரூம் வேணாங்க. அந்த அரக்குப் பட்டு மட்டும் வந்தாப் போதும். எங்கப்பா எடுத்துக் குடுத்தது."

காப்பியைக் குடிக்காமல் எழுந்தான். அக்காவிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவது என்று முடிவு செய்தான். துணிக்காகத்தான் அறை கேட்டது, புத்தகம் பொய், கண்ணாடி பொய், ஏழைகளுக்கு என்றதும் பொய். அக்கா முகத்தில் விழிக்க முடியாமல் போனாலும் சரி. சொல்ல வேண்டியதை வாய்க்குள் ஒப்பித்துக்கொண்டே, இந்த முறை ஜெபமாலைப் பக்கம் பார்க்கவே கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனான்.

அக்கா வீட்டுக் கதவு திறந்திருந்தது. ஹாலில் மூட்டைகளைக் காணவில்லை. அதற்குள் கோயிலுக்கு அனுப்பிவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தான். சாத்தியிருந்த ஜெப அறைக்குள்ளிருந்து டிரில்லிங் மெஷின் சத்தம் வந்தது.

"அக்கா" என்று கூப்பிட்டான்.

சத்தம் நின்றது. கதவைக் கொஞ்சமாகத் திறந்துகொண்டு, புருவமெல்லாம் மரத்தூளாக ஆசாரி தமிழ்மணி எட்டிப் பார்த்தான். அக்கா கோயிலுக்குப் போயிருக்கிறாளா என்று ஜோசப் ராஜ் கேட்டான்.

"இல்லீங்க, ஹேங்கர் வாங்கப் பாலக்கோட்டுக்குப் போயிருக்காங்க, நேத்து வந்த சேலைங்களுக்கு இந்த ஜெப ரூம்ல இருக்கறது பத்தலையாம்."