குந்து மாஸ்ரரின் லோங்ஸ்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பரந்தன் சந்தியில் லோங்ஸ், அதுதான் நீளக் காற்சட்டை, போட்டுத் திரிந்த ஆம்பிளை எவனும் ஒரு தடவையாவது நடுக்கடையில் குந்தி எழும்பியிருப்பான். குந்த வைத்தவர் குந்து மாஸ்ரர். அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் தபால்காரருக்கே தெரியாது.

முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. மாஸ்ரர் துணியை வெட்டி, வெள்ளை நூலால் தற்காலிகமாய்க் கையோட்டம் ஓட்டிக் கொடுப்பார். அவருடைய மனைவி, எங்கள் எல்லோருக்கும் அக்கா, அதன் மேல் மெசினில் தைப்பார். மூத்த மகள் பொத்தான் கட்டுவாள். இளையவள் சிரட்டைக்கரி அயன்பெட்டியால் மடிப்பு வைப்பாள். குடும்பமே சேர்ந்து தைத்தது ஒரேயொரு சாமான்தான்: பருத்தியும் பொலியெஸ்ரரும் கலந்த துணியில், சும்மா போட்டுத் திரிகிற லோங்ஸ். தனிப் பருத்தி கசங்கும், தனிப் பொலியெஸ்ரர் ஆளை அவித்துவிடும், கலவைதான் மனிசனுக்கு ஏற்றது என்பது அவர் கட்சி. கலியாணக் கோட்டு கேட்டு வந்தவரை வாசலோடு திருப்பி அனுப்பினார்.

தைத்து முடிந்ததும் உடனே தரமாட்டார். போடச் சொல்லுவார். பிறகு தரையில் உட்கார்ந்து, எங்கள் பின்பக்கத்துக்கு நேரே காதை வைத்துக்கொண்டு, "தம்பி, குந்துங்கோ பாப்பம்" என்பார். தையல் ஒரு சின்னச் சத்தம் போட்டாலும் லோங்ஸ் திரும்ப மெசினுக்குப் போகும்.

ஒருமுறை ஒரு பெருத்த பள்ளிக்கூட அதிபர் குந்தினார், எழும்ப முடியவில்லை. நான்கு பேர் பிடித்துத் தூக்கினோம். மாஸ்ரர் அவர் முகத்தையே பார்க்கவில்லை. தையல் நல்லாய் நிற்கிறது என்று அக்காவுக்குச் சந்தோசமாகச் சொன்னார். முல்லைத்தீவிலிருந்து வந்த, மீன்பிடி வள்ளங்கள் வைத்திருந்த ஒரு சம்மாட்டியாரை, லோங்ஸோடு றோட்டில் இறங்கி இல்லாத கரைவலையை இழுத்துக் காட்டச் சொன்னார். அவர் இழுத்த இழுவையைப் பார்த்து, பஸ்ஸுக்கு நின்ற இருவர் ஓடிப்போய்க் கைகொடுத்தார்கள்.

நான் அப்போது அங்கே கூட்டுறவுச் சங்கத்தில் கிளாக்கர். என் ஆட்கள் எல்லாம் யாழ்ப்பாணத்தில். இரண்டு சம்பந்தம் பேசிக் குழம்பிப்போய், மூன்றாவதாக வட்டக்கச்சியில் ஒரு பெண்ணைப் பார்க்க வரச்சொல்லியிருந்தார்கள். எந்த வீடு, எந்த நாள் என்று மாஸ்ரரிடம் சொல்லி, அதற்காக ஒரு லோங்ஸ் தைக்கக் கொடுத்தேன். எடுக்கப் போன காலை மாஸ்ரர் துணி வாங்க வெளியே போயிருந்தார். அக்கா குசினியில். இளைய மகள்தான் அயன் பண்ணி மடித்து வைத்திருந்ததை எடுத்துத் தந்தாள். குந்தாமலே கிடைத்துவிட்டது என்ற சந்தோசத்தில், புளுகத்தில், அதைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் பறந்தேன்.

வட்டக்கச்சியில் எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. விறாந்தையில் கதிரை போட்டார்கள். பெண் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். பார்த்த உடனேயே எனக்குப் பிடித்துவிட்டது. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் இந்த முறை வயலுக்குக் காணுமா, போதுமா என்று தகப்பன் கேட்டார். காணும் என்றேன். அந்த நேரம் எதைக் கேட்டிருந்தாலும் காணும் என்றுதான் சொல்லியிருப்பேன். சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று பாய் விரித்தார்கள். நான் எழும்பிப் போய், சப்பாணி கொட்டி இருக்க முழங்காலை மடக்கினேன்.

படலை தடாரென்று திறந்தது. ஒரு சைக்கிள் விழுந்தது. அதன் மேலால் தாண்டி, வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தவர் குந்து மாஸ்ரர்.

"தம்பி, குந்தாதேங்கோ!"

நான் அரைவாசியில் அப்படியே நின்றேன். இவனில் ஏதோ பெரிய குறை இருக்கிறது, அதைச் சொல்லத்தான் ஆள் வந்திருக்கிறது என்று பெண்ணின் தாய் நெஞ்சில் கை வைத்தார். என் மூன்றாவது சம்பந்தமும் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மாஸ்ரர் மூச்சு வாங்கி வாங்கி விசயத்தைச் சொன்னார். கடைக்குத் திரும்பி வந்து பார்த்தால் லோங்ஸைக் காணவில்லை. கவட்டுத் தையலை மெசினில் இன்னும் அடிக்கவில்லை என்று அக்கா தலையில் கை வைத்துவிட்டார். உள்ளே இருந்தது மாஸ்ரர் கையால் ஓட்டிய வெள்ளை நூல் மட்டும். நான் சைக்கிளில் அவ்வளவு தூரம் வந்தும் அது விடாமல் நின்றதே பெரிய காரியம்.

பிறகு நடந்தது பெண் பார்க்கும் சடங்கில் எங்கும் இல்லாதது. தகப்பனின் சாரத்தை எனக்குக் கட்டத் தந்தார்கள். மாஸ்ரர் விறாந்தையில் இருந்து, ஊசியும் நூலுமாய் என் லோங்ஸைத் தைத்தபடியே கலவைத் துணியின் அருமையைப் பேசினார். முடிவதற்குள் தகப்பன் தனக்கும் ஒன்றுக்கு அளவு கொடுத்துவிட்டார். அறை வாசலில் நின்ற பெண், சாரத்தோடு இருந்த என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இரண்டு நாளில் சம்மதம் வந்தது. பெண் தாயிடம் சொன்னது பிறகுதான் எனக்குத் தெரியும்: "ஒரு தையல்காரர் இவ்வளவு தூரம் ஓடி வந்து மானத்தைக் காப்பாத்துறார் எண்டால், இந்த மாப்பிள்ளை நல்ல ஆளாத்தான் இருப்பார், அம்மா."

கலியாணத்துக்கு யாழ்ப்பாணத்தில் இருந்த என் வீட்டாரால் சண்டைக்குள் கிளாலிக் கடல் கடந்து வர முடியவில்லை. மாப்பிள்ளை பக்கம் வெறுமையாய்க் கிடந்தது. மாஸ்ரரும் அக்காவும் பிள்ளைகளும் கடையைப் பூட்டிவிட்டு வந்து அந்தப் பக்கத்தை நிரப்பினார்கள். இடப்பெயர்வு எங்களைத் திசைக்கொன்றாய்ப் பிரித்த பிறகு அவர்களை நான் காணவில்லை. கலியாணப் படத்தில் எனக்குப் பக்கத்தில் நிற்பவர் யார் என்று பிள்ளைகள் கேட்டால், என் மனைவி ஒரு கணமும் யோசிக்காமல் சொல்லுவாள்:

"அது அப்பான்ரை பெரியப்பா."