பெரு அண்ணையும் அத்தானின் மூச்சும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிறந்த எவரும் பெரு நாட்டைப் பார்க்காமல் கண்ணை மூடக்கூடாது என்று கங்கணம் கட்டியிருந்த மனிதர், எனக்குத் தெரிந்து, ஒருவர்தான். அவரும் வவுனியாவைத் தாண்டிப் போனதில்லை.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பலாலி வீதியோரம் இருக்கும் என் சிறிய பயண முகவர் நிலையத்தில் விமானச் சீட்டுப் பதிவது அவர் வேலை. எல்லோருக்கும் அவர் பெரு அண்ணை. புதிதாக வருபவர்கள் அதைப் பெருமாள் என்பதன் சுருக்கமாக எடுத்துக்கொள்வார்கள். இல்லை, தென் அமெரிக்காவில் இருக்கிற அந்தப் பெருவேதான். வடமராட்சிக் கரையைச் சேர்ந்தவர். கப்பலில் வேலை செய்த தகப்பன் அந்த நாட்டுத் துறைமுகம் ஒன்றிலிருந்து போட்ட படத் தபாலட்டை பத்து வயதில் கைக்கு வந்ததாம். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு.

வைத்தியத்துக்குச் சென்னை போக வந்தவருக்குப் பாலைவன நடுவே மரங்கள் சூழ்ந்த குளத்தின் படத்தைக் காட்டுவார். மகளின் பிள்ளைப்பேற்றுக்கு இலண்டன் போகும் தாயைப் பிடித்து வைத்து, வானத்திலிருந்து பார்த்தால்தான் முழுதாகத் தெரியும், நிலத்தில் கீறிய நாஸ்காக் கோடுகளில் குரங்கு எது, சிலந்தி எது என்று விளக்குவார். சுன்னாகம் சந்தையில் உருளைக்கிழங்குக் குவியலுக்கு முன்னால் நின்று, இதன் பூட்டன் பூட்டியெல்லாம் பெருவின் டிட்டிகாக்கா ஏரிப் பக்கம் என்று தொடங்கினார் ஒருநாள். எத்தனை கிலோ என்று மட்டும் சொல்லும்படி வியாபாரி கெஞ்சியதை நானே பார்த்தேன்.

இந்த மனிதரிடம்தான் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் அக்காவும் அத்தானும் அகப்பட்டார்கள். பயணத் திகதியை மாற்ற வந்தவர்கள், ஒரு மணி நேரத்தில் பெருவுக்குப் போவதென்று முடிவெடுத்து எழுந்தார்கள். அண்ணை ஒரு தாளில் ஒழுங்கு எழுதிக் கொடுத்தார். முதலில் கடற்கரை, கடல்சிங்கங்கள் படுத்திருக்கும் தீவுகள். பிறகு பாலைவனம். பிறகு குஸ்கோ நகரம். இறங்கியதும் அங்கே தங்காமல் உயரம் குறைந்த பள்ளத்தாக்குக்குப் போய் இரண்டு நாள் ஓய்வு. அதன் பின்தான் மலையுச்சியில் இருக்கும் பழைய நகரமான மச்சு பிச்சு. ஐயாயிரம் மீற்றர் உயரத்து வானவில் மலை கடைசியிலும் கடைசி.

"கீழையிருந்து மேலை போகவேணும். மாத்திப் போனியளெண்டா மூச்சு நிண்டுபோகும்," என்று அத்தானிடம் மூன்று தரம் சொன்னார்.

அத்தான் மாற்றித்தான் போனார். முகநூலில் எல்லோரும் அந்த நிறம் நிறமான மலையில் நின்று படம் போடுகிறார்களாம். குஸ்கோவில் இறங்கிய மறுநாளே ஏறிவிட்டார்.

நாங்கள் கடை திறக்கும் காலை வேளையில் அக்காவின் அழைப்பு வந்தது. அங்கே அப்போது முந்தின நாள் இரவு. அத்தான் மூச்செடுக்கச் சிரமப்படுகிறார், இருமுகிறார், என்னவோ பிதற்றுகிறார் என்று அழுதாள். விடுதிக்காரப் பெடியன் மூலிகைத் தேநீர் கொடுத்து, படுத்தால் சரியாகிவிடும் என்றானாம்.

என் கையிலிருந்த தொலைபேசியைப் பெரு அண்ணை வாங்கினார்.

"தங்கச்சி, அழாதேங்கோ. அவரின்ரை சொண்டு என்ன நிறம்?"

உதடு நீலம் பாய்ந்திருப்பதாக அக்கா சொன்னாள்.

"அவரைப் படுக்க விடாதேங்கோ. நிமித்தி இருத்துங்கோ. நெஞ்சுக்குள்ளை தண்ணி கட்டத் தொடங்கீட்டுது. போனை அந்தப் பெடியனிட்டைக் குடுங்கோ."

பிறகு அவர் ஸ்பானிய மொழியில் கதைத்தார். தொலைபேசிச் செயலியில் அவர் படித்த மொழி. மூன்று வருடங்களாக நாங்கள் சிரித்த மொழி. அத்தானின் உயிர் இப்போது அதில் தொங்கியது. அவர் ஏதாவது இரண்டு கோப்பை சூப்புக்குச் சொல்லிவிடுவாரோ என்றுதான் எனக்குக் கவலை. ஒட்சிசனைக் குறிக்கும் 'ஒக்சிஹெனோ' என்ற சொல் மட்டும் நாலு தரம் காதில் விழுந்தது. ஐந்தாம் தரம் அதட்டினார். அதுவரை அவர் யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை.

மறுமுனையில் யாரோ ஓடும் சத்தம். விடுதியிலேயே ஒட்சிசன் சிலிண்டர் இருந்திருக்கிறது. வாகனத்துக்கும் சொல்லிவிட்டார்கள். அதோடு இணைப்பு அறுந்தது.

அடுத்த ஒன்றரை மணி நேரம் பெரு அண்ணை தொலைபேசியை மேசையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டாருக்குச் சீட்டு எடுக்க ஒருவர் வந்தார். அவருக்குக்கூடப் பெருவைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதைக் கண்டுதான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது. அண்ணையின் சட்டை வியர்த்து முதுகோடு ஒட்டியிருந்தது. ஒருதரம் மட்டும், "நான்தானே அனுப்பினனான்," என்று மேசையைப் பார்த்துச் சொன்னார்.

அக்கா மறுபடி அழைத்தபோது எடுக்க எனக்குக் கை வரவில்லை. அவர்தான் எடுத்தார். அத்தான் வைத்தியசாலையில், முகமூடியோடு. உதட்டில் நிறம் திரும்புகிறது. இன்னும் சற்றுப் பிந்தியிருந்தால் கடினம் என்று வைத்தியர் சொன்னாராம். மச்சு பிச்சுப் பயணத்தை என்ன செய்வது என்று அக்காவே கேட்டாள், பாவம்.

"ஒண்டும் பாக்கவேண்டாம், தங்கச்சி. கடற்கரைக்கு இறங்குங்கோ. அங்கையிருந்து நேரை வீட்டை போங்கோ," என்றார் பெரு அண்ணை. பெருவை விட்டுப் போகச் சொல்லி அந்த வாய் சொன்ன ஒரே தடவை அதுதான். சொல்லிவிட்டுப் பின்கதவால் போய்க் கிணற்றடியில் முகம் கழுவினார். வெகு நேரம் கழுவினார்.

அத்தான் தேறிவிட்டார். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் கனடாவிலிருந்து அழைக்கிறார். என் சுகத்தை ஒரு சொல்லில் விசாரித்துவிட்டு, "அண்ணை நிக்கிறாரோ?" என்கிறார். ஞாயிறு கடை பூட்டு. அதனாலென்ன, சைக்கிளை எடுத்துக்கொண்டு அண்ணை வீட்டுக்கு நானே தொலைபேசியைக் கொண்டுபோகிறேன்.