'பி' தொகுதிக்குப் பின்னால்

தவக்காலம் முடியும்வரை ஒரு சொட்டுக்கூடத் தொடமாட்டேன் என்று ஆம்ப்ரோஸ் மாஸ்டர் ஃபாதர் முன்னால் வாக்குக் கொடுத்தார். பக்கத்தில் மனைவி மதலேனாவும் நின்றாள். அதுதான் வினை. ஃபாதர் மறந்தாலும் மறப்பார். அவள் மறக்க மாட்டாள்.

மாஸ்டரும் லேசுப்பட்டவர் இல்லை. சிராங்கூன் ரோட்டில் வாங்கிய பிராந்திப் புட்டியை, ஈசூன் வட்டாரத்தில் இருந்த தன் வீட்டு ஹாலில் இருந்த ஆங்கிலக் கலைக்களஞ்சியங்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். அதுவும் பிராந்திக்குப் பொருத்தமாக 'பி' தொகுதிக்குப் பின்னால். வாத்தியார் புத்தி. அந்த அலமாரியை மதலேனா திறந்ததே இல்லை.

சனிக்கிழமை டியூஷனில், நூலகத்துக்குப் போய் வெறுங்கையோடு திரும்பும் பிள்ளைகளுக்குத் தேடக் கற்றுக்கொடுத்தார். அங்கே அட்டைகள் அடுக்கிய சின்ன இழுப்பறைகள் இருக்கின்றன. ஆசிரியர் பேர், புத்தகத்தின் பேர், பொருள், மூன்றில் ஒன்று தெரிந்தால் போதும். முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டே போனால் புத்தகம் கைக்கு வந்துவிடும். அப்படியும் கிடைக்காவிட்டால் வெட்கப்படாமல் கவுண்டரில் கேட்க வேண்டும். சமையலறை வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மதலேனாவும் தலையாட்டினாள். பள்ளியைப் பாதியில் விட்டவள், பாவம், அவள் காதிலும் நாலு விஷயம் விழட்டும் என்று மாஸ்டர் குரலை உயர்த்தினார்.

அடுத்த சனிக்கிழமை, பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அவருக்கு நாக்கு வறண்டது. 'பி'யை மெல்ல உருவிக் கையை விட்டுத் துழாவினார். வெறும் பலகை.

மெடிசின் என்று 'எம்'மில் வைத்தோமா? இல்லை. ஆல்கஹால் என்று 'ஏ'யிலா? அங்கேயும் இல்லை. பாவமாயிற்றே, சின் என்று 'எஸ்'ஸிலா? புத்தகங்கள் ஒவ்வொன்றாகத் தரைக்கு வந்தன. இதுவும் பாடம்தான் என்று பிள்ளைகள் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"சார், கிடைக்கலன்னா கவுண்டர்ல கேக்கணும் லா," என்றாள் உர்சுலா. நல்ல மாணவிதான். அன்றைக்கு எதற்கு அந்த வாய்?

மதலேனா முந்தானையில் கை துடைத்தபடி வந்தாள்.

"என்னங்க தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல. ஒரு புத்தகம்."

"ஆசிரியர் பேரா, புத்தகப் பேரா, பொருளா? ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க, எடுத்துத் தரேன்."

மாஸ்டருக்கு மூன்றுமே தெரியும். ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை. பிள்ளைகள் அவர் வாயையே பார்த்தார்கள்.

"சரி விடுங்க," என்றாள் மதலேனா. "'பி'க்குப் பின்னால இருந்ததுன்னா, அதை ஃபாதருக்கு இரவல் குடுத்துட்டேன். ஈஸ்டருக்கு அப்புறம் நீங்களே போய்க் கேட்டு வாங்கிக்கங்க."