சொந்த மெட்டு

மணப்பெண்ணின் அப்பா திரையில் வாயைத் திறந்து திறந்து மூடினார். சத்தம் வரவில்லை.

"பேசினேனே தம்பி. மண்டபமே அழுதுச்சே," என்றார் அவர், ஸ்டுடியோ நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தன்னையே முறைத்தபடி. சுவரோர பெஞ்சில் அவர் மனைவி ஆல்பத்துக்குப் படம் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அழுதாங்க சார். ஆனா பின்னாடி சினிமாப் பாட்டு ஓடிட்டிருந்துச்சே. அந்தப் பாட்டுக்கு உரிமை வச்சிருக்கிற கம்பெனி புகார் குடுத்துடுச்சு. என் சேனல்ல வீடியோவோட சத்தத்தையே நிறுத்திட்டாங்க," என்றான் வீடியோக்காரன்.

"என் பொண்ணு கல்யாணத்துல நான் பேச எவன் அனுமதி தரணும்?"

வீடியோக்காரனுக்கும் அதே எரிச்சல்தான். பாட்டைப் போட்டது மண்டபத்துக்காரர்கள். அதற்காகக் கேமராவின் காதைப் பொத்திவிட்டா படம் எடுக்க முடியும்?

"வெளிநாட்டுல இருக்கிற சம்பந்தியோட அண்ணன் பாத்துட்டு, நான் மாப்பிள்ளைக்குச் சாபம் குடுக்கறேனான்னு கேக்கறார். கையை வேற அப்படி ஆட்டியிருக்கேன். இப்பவே சரி பண்ணுங்க."

பாட்டை மட்டும் பிரித்தெடுக்கப் பார்த்தான். பேச்சும் கூடவே கிளம்பி வந்தது. வேறு வழியில்லாமல், 'இலவசம், யாரும் எடுத்துக்கொள்ளலாம்' என்று போட்டிருந்த புல்லாங்குழல் இசை ஒன்றை மேலே பரப்பி, மறுபடி ஏற்றினான்.

ஏற்றிய சூட்டோடு இரண்டாவது புகார் வந்தது. அந்த இலவச இசையை எவனோ தன் பேரில் பதிவு செய்துவைத்திருந்தான்.

"தெருக்குழாயில ஒரு குடம் பிடிச்சுட்டு, மழையே என்னோடதுன்னு சொல்வான் போல," என்று பொருமினான் வீடியோக்காரன்.

அதற்குள் பெண்ணின் அப்பாவுக்குப் போன் வந்தது. கேட்டவர் முகம் கறுத்தது.

"சம்பந்தியோட அண்ணன்தான். புல்லாங்குழலைக் கேட்டுட்டு, யாரு தவறிட்டாங்கன்னு விசாரிக்கறார்."

"சார், இனிமே விஷப் பரீட்சை வேண்டாம். மூணாவது புகார் வந்தா சேனலையே மூடிடுவாங்க. நான் எடுத்த கல்யாணம் அத்தனையும் அதுலதான் இருக்கு. அதைப் பாத்துத்தான் புதுசா ஆள் வர்றாங்க. அது போச்சுன்னா நான் கேமராவைத் துடைச்சு வச்சுட்டு வீட்ல உக்கார வேண்டியதுதான். ஒரு சத்தமும் இல்லாம விட்டுடலாம்."

"ஊமைப் படமாவா? என் பொண்ணு கல்யாணமா, இல்ல கொள்ளைக்காரனைப் பிடிக்கக் கடையில வச்ச கேமராப் படமா? ஒண்ணும் வேண்டாம், நானே பாடறேன். என் சொந்த மெட்டு. எங்க கல்யாணத்துக்கு முன்னாடி இவளுக்காகப் போட்டது. அதுக்கு எவன் வந்து கேப்பான்?"

மனைவி படங்களிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, பெண்ணின் அப்பா வியர்க்க விறுவிறுக்கப் பாடினார். குரல் கரடுமுரடுதான். மெட்டு மட்டும், ரயில் நிற்காத ஊரில் யாரோ ஏற்றிவைத்த விளக்கு மாதிரி, தள்ளிப் போகப் போகக் கூடவே வந்தது. வீடியோக்காரன் ஒரு கணம் சேனலை மறந்துவிட்டான்.

சேனல் மறக்கவில்லை. அந்தப் பாட்டோடு வீடியோவை ஏற்றியதும் மூன்றாவது புகார் வந்தது.

"ஏதோ பழைய ஒலிநாடாவுல வந்த பாட்டாம் சார். இவர்தான் மெட்டுப் போட்டவராம்," என்று திரையில் ஒரு படத்தைக் காட்டினான். நரைத்த தாடி, சாந்தமான கண்கள்.

பெண்ணின் அப்பா எழுந்தே விட்டார்.

"இவனா? ஹாஸ்டல்ல என் ரூம்ல இருந்தவன். நான் பாடிப் பழகறப்ப எல்லாம் பக்கத்துக் கட்டில்ல படுத்துக் காதைத் தீட்டிட்டுக் கிடப்பான். திருட்டுப் பய. கோர்ட்டுக்கு இழுக்கறேன் பாருங்க."

"இழுங்க சார். தீர்ப்பு வர்றப்ப நான் எங்க இருப்பேனோ. இப்போதைக்கு அவரே மனசு வச்சுப் புகாரைத் திரும்ப வாங்கினாத்தான் என் சேனல் பிழைக்கும்."

"என் மெட்டைப் பாட நான் அவன்கிட்டப் போய் நிக்கணுமா? என்ன அநியாயம்யா இது?"

பெஞ்சிலிருந்த மனைவி படங்களை ஓரமாக வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"நீங்க கவலைப்படாதீங்க தம்பி. நான் கேட்டா இல்லேன்னு சொல்ல மாட்டார். எனக்காக அவர் போட்ட பாட்டுதானே அது."